கட்டிலருகே ஒரு ஹீட்டர்

மயிலாப்பூரில் ஒரு பெரியவர், படுக்கையறை ஏசியைக் கழற்றிவிட்டு ஹீட்டர் வைத்துத் தரச் சொன்னார். அது மே மாதம். இத்தனை வருட எலெக்ட்ரீஷியன் வேலையில் அப்படி யாரும் என்னிடம் கேட்டதில்லை.

ஒல்லியான மனிதர். வியர்வையில் பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. ஆனாலும் ஃபேனைப் போட விடவில்லை. கட்டிலில் அவர் மனைவி இரண்டு கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார்.

"ஜன்னலுக்குக் கீழே வைப்பா. வெளிநாட்டுல பையன் ஆத்துல அப்படித்தான் இருக்காம். குளிர் ஜன்னல் வழியாத்தானே வரும்?"

"இங்க ஜன்னல் வழியா அனல்தான் சார் வருது. கட்டிலாண்ட வெச்சிடலாம்."

"அதுவும் சரிதான்" என்று சிரித்தார்.

ஏசியைக் கழற்றி, அதன் லைனைக் கட்டிலருகே இழுத்து, ஹீட்டரை மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். பெரியவர் ஹீட்டரின் இரும்புப் பட்டையைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். உடனே போய் மனைவியின் பாதத்தைத் தொடுவார். மறுபடி ஹீட்டர், மறுபடி பாதம். அரை மணி நேரம் இதையே செய்தார். எனக்கு அந்த அறையில் மூச்சு முட்டியது.

"மாமிக்கு இன்னா சார் உடம்புக்கு?"

"இனிமே ஆத்துலயே வெச்சுக்கோங்கோன்னு டாக்டர் அனுப்பிட்டார்" என்றவர், குரலைத் தாழ்த்தி, "கால் இன்னும் ஜில்லுனே இருக்குப்பா. இதைவிடப் பெரிசா கிடைக்குமா?" என்று கேட்டார்.

எவ்வளவு பெரியது வைத்தாலும் அந்தக் கால் சூடாகாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"கீது சார். விசாரிச்சு சொல்றேன்."

அவர் முகம் தெளிந்தது. என் டேப்பை வாங்கி, பெரிய ஹீட்டருக்கு இடம் போதுமா என்று சுவரை அளக்க ஆரம்பித்தார். டேப்பைத் திருப்பிக் கேட்காமலே நான் படியிறங்கிவிட்டேன்.