தார்ப்பாய்க்குள் பெய்த மழை

மும்பையில், செம்பூரை விட்டுச் சயான் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். தோளில் பை, கையில் பழைய பெயிண்ட் வாளி. வாளிக்குள் ஈரச் சாக்கின் அடியில், பிழைத்த மண்புழுக்கள். அக்காதான் கொடுத்தனுப்பினாள். "எங்கனயாவது நல்ல மண்ணாப் பாத்து விட்டுருலே. என் கண்ணுல பட வேண்டாம்" என்றாள்.

அக்கா எனக்கு உறவில்லை. செம்பூரில் ஒரு குடியிருப்பின் பின்பக்கம் மண்புழு உரத்தொட்டிகளைப் பார்த்துக்கொண்டவள். தாராவியில் வளர்ந்த திருநெல்வேலிக்காரி. நான் அவளுக்குக் கூடமாட ஒத்தாசை. எட்டாவதைப் பாதியில் விட்டு ஊர் சுற்றத் தொடங்கிய பிறகு, நான் அதிக காலம் தங்கிய வேலை அது. தொட்டிகள் இருக்கும்வரை பம்ப் பக்கத்து அறை அவளுக்கு. நாற்றம் வந்தால் தொட்டிகளை மூடிவிடுவோம் என்று குடியிருப்பின் செயலாளர் சொல்லியிருந்தார். அறை போனால் அவளுக்குப் போக்கிடம் ஐரோலியில் தங்கை வீடு. தங்கையின் கணவர் வாசலிலேயே நிற்கவைத்துப் பேசுகிறவர்.

ஈரம் பார்ப்பதுதான் அந்த வேலை. ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழிய வேண்டும். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் காய்ந்த இலையோ கிழித்த அட்டைப்பெட்டியோ போட்டுக் கிளற வேண்டும். ஒன்றுமே வராவிட்டால் தண்ணீர் தெளிக்க வேண்டும். அக்காவின் கை இதில் தவறியதில்லை. அவளைப் படுத்தியது காது. முந்தைய மழைக்காலத்தில், தாராவியில் அவள் குடியிருந்த வீட்டின் கூரைத் தார்ப்பாய் காற்றில் பிய்ந்து, காய்ச்சலில் கிடந்த கணவர்மேல் சொட்டிக்கொண்டே இருந்தது. அந்த வாரமே அவர் போய்விட்டார். அதற்குப் பிறகு வெயிலடிக்கும் மத்தியானத்திலும் சட்டென்று நிமிர்வாள்.

"சொட்டுது. கேக்கலியாலே?"

"வானம் வெளுத்துக் கெடக்குக்கா. ஒங்க கம்மல் ஆடுற சத்தமா இருக்கும்."

"கம்மல அடகு வச்சு வருசமாச்சு, கேலியா பண்ணுத?"

மழைக்கு முன் தாராவியில் எல்லோரும் கூரைக்குச் செய்வதை அவள் தொட்டிகளுக்குச் செய்தாள். நீலத் தார்ப்பாய் விரித்து, நாலு பக்கமும் கயிறு இழுத்து, ஓரங்களில் செங்கல் வைத்து, எறும்பு நுழைய இடமில்லாமல் கட்டினாள். அடைமழை ஓயும்வரை திறப்பதில்லை என்று முடிவு. புதுக் குப்பை பீப்பாயில் சேர்ந்தது. உள்ளே தர்பூசணித் தோலும் சாம்பார் சோறும் தங்கள் தண்ணீரை விட்டுக்கொண்டிருந்தன. சூட்டில் எழுந்த ஆவி பாயின் அடியில் துளியாகத் திரண்டு திரும்பவும் விழுந்தது. இதெல்லாம் பிறகு தெரிந்தது.

மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம், தொட்டியோரம் நின்று சொன்னாள்: "சொட்டுதுலே."

பம்ப் ஓடிக்கொண்டிருந்ததால் எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் கயிற்றை அவிழ்க்கப் போனேன். அவள் தடுத்துவிட்டாள். "விடு. எனக்கு எப்பமும் கேக்கதுதான. அவுத்தா அடுத்த மழ உள்ள போயிரும்."

நாற்றம் வந்தபின் அவிழ்த்தோம். பாயைப் புரட்டினால் அடிப்பக்கம் முழுதும் புழுக்கள். காற்றைத் தேடி மேலேறி, நீலத்தில் ஒட்டிக்கொண்டே செத்திருந்தன. ஒரு செங்கல் நகர்ந்திருந்த மூலையில் மட்டும் கொஞ்சம் உயிரோடு நெளிந்தன. பாயின் மடிப்பிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அக்கா அந்தச் சத்தத்தையே கேட்டபடி நின்றாள்.

"அப்ப நெசமாவே சொட்டிருக்கு" என்றாள்.

செயலாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். அன்றே அறைச் சாவியைக் கொடுத்துவிட்டு அவள் ஐரோலிக்கு பஸ் ஏறினாள்.

மாட்டுங்காவில் ஒரு மரத்தடியில் மண்ணை அள்ளிப் பிழிந்து பார்த்தேன். இரண்டு சொட்டு வந்தது. வாளியைக் கவிழ்த்துவிட்டு நடந்தேன்.

மறுநாள் காலை தாராவியில் தார்ப்பாய் கட்டும் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் மழைக்கே ஒழுகிய வீடுகள் நிறைய இருந்தன. முதல் கூரையில் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டதும், பாயில் காதை வைத்துப் படுத்தேன்.

"மேல என்னலே, உறக்கமா?" என்று கீழேயிருந்து வீட்டுக்காரர் கத்தினார். "கட்டியாச்சுன்னா எறங்கு."

"இருங்க அண்ணாச்சி" என்றேன். "கொஞ்சம் சத்தம் போடாம இருங்க."