திருக்கை மணமும் கேஸ் மணமும்

1. சைரன் ஊதிய காலை

கீரி மீன் நன்றாகப் பட்டுக்கொண்டிருந்த காலம். காலை எட்டரை மணிக்கே ஐஸ் ஏற்ற ஏழெட்டு லொறிகள் வாசலில் வரிசையாக நின்றன. சாய்ந்தமருதுக் கடற்கரையை ஒட்டிய அந்த ஐஸ் பெக்டரியில் நான் மெஷின் ஒப்பரேட்டர். அப்போது அங்கே வேலைக்குச் சேர்ந்து முப்பது வருடம் ஆகியிருந்தது.

அன்று கொம்பிரசர் அறையில் நிற்கும்போது மூக்கில் சுரீரென்று ஒரு மணம் ஏறியது. அமோனியா. நாங்கள் அதைக் கேஸ் என்போம். குழாய்க்குள் ஓடும்வரை தண்ணீரை ஐஸ் ஆக்கித் தரும். வெளியே வந்தால் கண்ணையும் மூச்சையும் பிடித்துக்கொள்ளும். கூடுதலாக வந்தால் ஆளையே எடுத்துவிடும்.

நெஞ்சு படபடவென்று அடித்தது. கொம்பிரசரை நிறுத்தி, கேஸ் வரும் ரிசீவர் வால்வைப் பூட்டி, சைரனை ஊதிவிட்டேன்.

"கேஸ் போகுது! எல்லாரும் வெளிய ஓடுங்க!"

ஓடினார்கள். சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு லொறிக்காரர்கள் ஓடினார்கள். தொட்டிக்கு மேலே ஐஸ் தூக்கும் கிரேனில் வேலை செய்த நிஸார் ஏணியில் இறங்காமல் குதித்தே வந்தான். முதலாளி ஹாஜியார் செருப்பில்லாமல் ஒபீசை விட்டு வெளியே வந்தார். எல்லோரும் ரோட்டில் நின்று மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்கள். ஒருவருக்கும் கேஸ் மணக்கவில்லை.

நிஸார்தான் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். அடுத்த வளவில் யாரோ திருக்கையைக் கீறி, கருவாட்டுக்குக் காயப் போட்டிருந்தார்கள். திருக்கை கொஞ்சம் பதம் கெட்டால் அப்படியே அமோனியா மணம்தான் அடிக்கும். கடற்கரையில் பிறந்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

"சலீம், முப்பது வருஷமா இந்தக் கேஸுக்குள்ள கிடக்கிறாய். திருக்கைக்கும் கேஸுக்கும் உனக்கு வித்தியாசம் தெரியாதா?" என்றார் ஹாஜியார்.

எனக்குத் தெரியாதுதான். முப்பது வருடமாக எனக்கு மூக்கே இருக்கவில்லை. அது திரும்பி வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

2. பதகளிப்பு

கொம்பிரசர் அறை ஓர் ஆள் வேலை. ஒவ்வொரு மணித்தியாலமும் சக்ஷன் பிரஷர், டிஸ்சார்ஜ் பிரஷர், உப்புத்தண்ணீர்த் தொட்டியின் குளிர் எல்லாவற்றையும் பார்த்து லொக் புத்தகத்தில் எழுத வேண்டும். இடையில் செய்ய ஒன்றும் இல்லை. மெஷின் இரைச்சலில் யாருடனும் கதைக்கவும் முடியாது. அதனால் எழுதி முடித்த கையோடு வாசல் பக்கம் பூவரச மரத்தடிக்குப் போவேன். நிஸாரும் இன்னும் இரண்டு பேரும் அங்கே நிற்பார்கள். ஆளுக்கொரு சிகரட். நாலு கதை, ஒரு சிரிப்பு, திரும்பி வருவேன். நான் நாள் முழுக்க மனிதரோடு கதைப்பது அந்தச் சிகரட் நேரத்தில் மட்டும்தான்.

மனைவி மௌத்தான பிறகு அது கூடியது. ஒரே மகள் மாப்பிள்ளையோடு கட்டாரில் இருக்கிறாள். வீட்டில் சமைக்க மனமில்லாத நாட்களில் பிளேன்டீயும் சிகரட்டும்தான் சாப்பாடு.

ஒரு நாள் பிரஷர் கேஜைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நெஞ்சு இறுகியது. இடது கை விறைத்தது. இந்த இரைச்சலுக்குள் விழுந்தால் ஒருத்தருக்கும் கேட்காதே என்று நினைத்தேன். அந்த நினைப்பு வந்த பிறகு மூச்சே வரவில்லை. ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள்; இதயத்தில் ஒன்றும் இல்லை. அடுத்த மாதமும் போனேன். ஒன்றும் இல்லை. மூன்றாம் முறை ஒரு துண்டு எழுதிப் பின்பக்கக் கட்டடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே 'மனநலப் பிரிவு' என்று போர்டு போட்டிருந்தது. நான் மாஸ்க்கை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டு, தொப்பியைப் புருவம் வரைக்கும் இறக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

டொக்டர் என் மகளின் வயதுப் பிள்ளை.

"இது பதகளிப்பு எண்டு ஒரு வருத்தம். சுகப்படுத்தலாம். ஒரு நாளைக்கு எத்தின சிகரட் குடிக்கிறீங்க?"

"அஞ்சாறு."

அவர் என் விரல்களைப் பார்த்தார். இரண்டு விரல் மஞ்சளாக இருந்தன.

"இருபது," என்றேன். "நெஞ்சு பதறக்குள்ள ஒண்டு பத்த வெச்சா அடங்குது டொக்டர்."

"அடங்கிற மாதிரி இரிக்கும். ஒரு மணித்தியாலம் போக உடம்பு அடுத்தத கேட்டுப் பதறும். அந்தப் பதட்டத்தையும் சேத்துத்தான் நீங்க பயப்படுறீங்க. சிகரட்ட விட்டா முதல்ல கொஞ்சம் கூடும். பொறகு குறையும்."

மூச்சை மெதுவாக எண்ணி விடப் பழக்கினார். இன்னொன்றும் சொன்னார். "பயம் வந்தா திரும்பத் திரும்ப சோதிச்சுப் பாக்கிற பழக்கம் வரும். அதுக்கு விட்டுக்குடுக்காதீங்க. ஒருக்காப் பாத்தா போதும்."

நோன்பில் விட்டேன். எங்கள் ஊரில் சிகரட்டை விடுவதற்கு அதைவிட நல்ல மாதம் இல்லை. பகலில் ஒருத்தரும் குடிக்கமாட்டார்கள். பலர் நோன்பு திறந்து கஞ்சி குடித்த கையோடு வெளியே போய்ப் பத்த வைப்பார்கள். நான் பள்ளிவாசலுக்குள்ளேயே இருந்துகொண்டேன். முப்பது நாளும் அப்படியே போனது.

கஷ்டம் பெருநாளுக்குப் பிறகுதான் தொடங்கியது. பூவரச மரத்தடிக்குப் போனால் கை தானாகச் சட்டைப் பையைத் தடவும். அதனால் போவதை விட்டேன். வர வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. ஏன் வரவில்லை என்றும் எவரும் கேட்கவில்லை. ஒரு மாதத்துக்குள் நான் கொம்பிரசர் அறையில் தனியாகத் தேத்தண்ணி குடிக்கிற ஆளாகிவிட்டேன். சிகரட்டை விடுவதைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். அதோடு ஆட்களும் போய்விடுவார்கள் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

3. கந்தகக் குச்சி

சிகரட் மழுக்கி வைத்திருந்த மூக்கு அந்த நாட்களில்தான் திரும்பியது. ஒரு நாள் மனைவியின் அலுமாரியைத் திறந்தேன். உடுப்புகளுக்கிடையில் அவள் போட்டுவைத்த சாம்பிராணித் துண்டு மணந்தது. அது அங்கே இருப்பதே எனக்குத் தெரியாது. அவள் இருந்த காலம் முழுக்க அந்த மணம் அந்த வீட்டில் இருந்திருக்கிறது. அலுமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

பெக்டரியில் மூக்கு வேறு விதமாக வேலை செய்தது. எங்கே திரும்பினாலும் கேஸ் மணப்பது போல இருந்தது. கேஸ் ஒழுக்கைக் கண்டுபிடிக்க எங்களிடம் கந்தகக் குச்சி இருக்கும். அதைப் பத்தவைத்துக் குழாய் மூட்டுகளுக்குக் கிட்டே பிடிக்க வேண்டும். ஒழுக்கு இருந்தால் வெள்ளைப் புகை திரண்டு வரும். நாளைக்கு ஒரு தடவை போதும். நான் நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை பிடித்தேன். வெள்ளைப் புகை இல்லை என்று கண்டதும் நெஞ்சு அடங்கும். அரை மணித்தியாலத்தில் மறுபடி பதறும். நெருப்புப்பெட்டியை உரசு, குச்சியைப் பத்த வை, புகையைப் பார். வாயில் வைக்காத குறைதான். டொக்டர் வேண்டாம் என்று சொன்ன அதே வேலையை மிச்சம் வைக்காமல் செய்துகொண்டிருந்தேன்.

ஒரு வருடத்துக்கென்று வாங்கிய குச்சிகள் ஐந்து கிழமையில் முடிந்தன. சைரன் ஊதிய காலையில் சோதித்துப் பார்க்கக் குச்சி இருக்கவில்லை. ஹாஜியார் பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"குச்சியெல்லாம் எங்கடா? திண்டயா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கிளினிக்குக்குப் போகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. மனநலப் பிரிவுக்குப் போகிற ஒருவனை நம்பிக் கேஸ் அறையை யார் விட்டுவைப்பார்கள்?

"ஒரு கிழம வீட்ட இரி. மறுகாவும் இப்படி நடந்தா நான் வேற ஆளத்தான் பாக்கணும்."

நிஸார் வாசல்வரை கூட வந்தான். என்னை அவன் அண்ணன் முறையில் காக்கா என்பான். "காக்கா, பேய் பிசாசாக்கும், ஆருக்கிட்டயும் போய் ஓதிப் பாருங்களன்," என்றான். கேலியாகச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் கூடுதலாக வலித்தது.

அந்த ஒரு கிழமையைப் போல ஒரு கிழமை இனி வரக்கூடாது. மகள் போனில் வேலை எப்படி என்று கேட்டாள். லீவு எடுத்திருக்கிறேன், சுகமாக இருக்கிறேன் என்றேன். நாலாம் நாள் கடைக்குப் போய் ஒரு சிகரட் வாங்கினேன். குடித்தால் மூக்குப் போகும், மூக்குப் போனால் பயமும் போகும், வேலையும் தப்பும் என்று கணக்குப் போட்டேன். கையில் வைத்துக்கொண்டு கடற்கரை வரைக்கும் நடந்தேன். அலுமாரி மணமும் போய்விடுமே என்று நினைத்ததும் கால் நின்றுவிட்டது. சிகரட்டை இரண்டாக முறித்து எறிந்தேன்.

4. ஒரு நாளைக்கு ஒரு குச்சி

திரும்பி வேலைக்குப் போனபோது புதுக் குச்சிப் பெட்டி நிஸாரின் கையில் இருந்தது. எனக்கு நாளைக்கு ஒன்றுதான் தர வேண்டும் என்பது ஹாஜியாரின் கட்டளை. அவமானமாக இருந்தது. காலையில் வாங்குவேன், சுற்றிப் பிடிப்பேன், லொக் புத்தகத்தில் 'ஒழுக்கு இல்லை' என்று எழுதுவேன்.

இரண்டு கிழமை கழித்து ஒரு நாள், மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு வந்து அமர்ந்தபோது மெலிதாக மணம் வந்தது. திருக்கை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கண்ணை மூடி, டொக்டர் பழக்கியபடி மூச்சை எண்ணினேன். நாலு உள்ளே, ஆறு வெளியே. பத்து நிமிடம் எண்ணியிருப்பேன். மணம் போகவில்லை. எழுந்து போய் மதிலுக்கு மேலால் பார்த்தேன். அடுத்த வளவு வெறுமையாகக் கிடந்தது.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. நெஞ்சு அடிக்கவில்லை. மற்ற நாட்களில் மணத்தோடு நெஞ்சும் சேர்ந்து அடிக்கும். அன்று மணம் மட்டும் வந்திருந்தது.

தொட்டிக்கு மேலே ஏறி நிஸாரிடம் போனேன்.

"ஒரு குச்சி தா."

"காலையில தந்தனே காக்கா. இண்டைக்கும் திருக்கையா?" என்று சிரித்தான்.

"தாடா!" என்று கத்தினேன். அவனிடம் நான் அப்படிக் கத்தியதே இல்லை. முகம் சுருங்கி, ஒன்றை எடுத்துத் தந்தான்.

தொட்டிக்குப் போகும் குழாயின் ஃபிளாஞ்ச் மூட்டில் பிடித்தேன். வெள்ளைப் புகை குபுகுபுவென்று திரண்டது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். நிஸாரின் சிரிப்பு நின்றுவிட்டது.

"இறங்கு! காத்து வாற பக்கமா ஓடு!" என்றேன்.

நான் வால்வைப் பூட்ட ஓடினேன். அவன் ஓடவில்லை. லொறிக்காரர்கள் கீழே நிற்கிறார்களே என்று, தண்ணீர் பைப்பை இழுத்து மூட்டுக்கு அடிக்கப் போனான். அதற்குள் மூட்டுக்குள் இருந்த கெஸ்கட் வளையம் இன்னும் விட்டுக்கொடுத்தது. கேஸ் அவன் முகத்தில் அடித்தது. வால்வைப் பூட்டி, கொம்பிரசரை நிறுத்திவிட்டு வந்து பார்த்தால் கண்ணைப் பொத்திக்கொண்டு முழங்காலில் இருந்தான். கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்து, டெப்பைத் திறந்து கண்ணுக்குத் தண்ணீர் விட்டேன். கால் மணித்தியாலம் விட்டேன். "காக்கா, கண் போயிருமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். "போகாது, முழிச்சுப் பார், முழிச்சுப் பார்," என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். பிறகு லொறி ஒன்றில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். கண் தப்பியது. ஒரு கிழமை சிவந்திருந்தது, அவ்வளவுதான்.

ஆனாலும் அந்தப் பத்து நிமிடத்தை நான் மறக்கவில்லை. முதல் மணத்திலேயே எழுந்து போயிருந்தால் அவன் முகத்தில் கேஸ் அடித்திருக்காது. ஒரு நாள் பயத்தை நம்பிப் பிழை விட்டேன். மற்ற நாள் பயத்துக்குப் பயந்து பிழை விட்டேன்.

5. ஸ்டார்ட்

ஃபிட்டர் வந்து கெஸ்கட்டை மாற்றி முடிக்கப் பின்னேரம் அஸர் நேரம் ஆகிவிட்டது. வால்வுகளைத் திறந்து கேஸைக் குழாய்க்குள் விட்டாயிற்று. மறுபடி ஸ்டார்ட் பண்ண வேண்டும். எல்லோரும் அறை வாசலில் நின்றார்கள். கண்ணில் ஈரத் துணியோடு நிஸாரும் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்திருந்தான். ஃபிட்டர் குச்சி பிடித்துப் பார்த்து, புகை இல்லை என்றார். ஹாஜியார் அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"சலீம், நீ மணந்து பாத்துச் சொல்லு. ஸ்டார்ட் பண்ணுவமா?"

தொட்டிக்கு மேலே ஏறி ஃபிளாஞ்சுக்குக் கிட்டே முகத்தை வைத்து இழுத்தேன். இரும்பு மணம், கிரீஸ் மணம், புது ரப்பர் மணம். கேஸ் இல்லை. ஆனால் இறங்கி அறைக்குள் வந்து நின்றதும் நெஞ்சு அடிக்கத் தொடங்கிவிட்டது. கை நடுங்கியது. வாசலில் நின்றவர்கள் எல்லோரும் அதைக் கண்டார்கள். யாரோ இரண்டு அடி பின்னால் போனார்கள்.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"ஹாஜியார், என்ட நெஞ்சு அடிக்குது. கையும் நடுங்குது. அது என்ட வருத்தம். அதுக்கு நான் ஆஸ்பத்திரியில மனநலக் கிளினிக்குக்குப் போறன். ஆனா கேஸ் மணக்கல்ல. ஸ்டார்ட் பண்ணலாம்."

ஹாஜியார் உள்ளே வந்து என் பக்கத்தில் நின்றார்.

"எவ்வளவு நாளா?" என்றார் ஹாஜியார்.

"ஒரு வருஷம்."

"ஒரு வருஷமா ஆருக்கிட்டயும் சொல்லல்லயா நீ?"

"ஆருக்கிட்ட ஹாஜியார் சொல்ற?"

நிஸார் துணியைக் கண்ணிலிருந்து எடுத்து என்னைப் பார்த்தான். ஹாஜியார் கையை அசைத்தார். நடுங்கிய கையாலேயே ஸ்டார்ட்டரை அழுத்தினேன். மெஷின் பிடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகும் அங்கே ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டுத்தான் ஓய்வு பெற்றேன். சிகரட்டைத் திரும்பத் தொடவில்லை. நெஞ்சு இடைக்கிடை அடிக்கும், இப்போதும் அடிக்கிறது. மணம் வந்தால் எழுந்து போய் ஒரு குச்சி பிடிப்பேன், கண்டதை எழுதுவேன், இரண்டாம் குச்சியை எடுக்கமாட்டேன். பூவரச மரத்தடிக்கு மட்டும் நான் திரும்பிப் போகவில்லை. அது எனக்குச் சரிவரவில்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிமார்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. கேஸ் போகும் அறைக்குள் தனியாக நிற்காதே என்று முதல் நாளே எங்களுக்குப் படிப்பித்தார்கள். பயத்தோடும் அப்படித் தனியாக நிற்கக்கூடாது என்பதை யாரும் படிப்பிக்கவில்லை. அதைப் படிக்க எனக்கு ஒரு வருடமும் நிஸாரின் கண்ணும் தேவைப்பட்டன.