செருப்பில்லாமல் ஏறிய ராஜகிரி

செஞ்சிக் கோட்டைக்குப் போக வேண்டும் என்று கேட்டவள் என் மகள். பள்ளியில் யாரோ ஒருத்தி போய்வந்து கதை சொல்லியிருக்கிறாள். "நானே மேல வரைக்கும் ஏறுவேன். நீ தூக்கக் கூடாது" என்றாள். சரி என்று சொல்லிவிட்டு அன்றிரவே ஏன் சொன்னோம் என்று புரண்டுகொண்டிருந்தேன்.

போன மழைக்காலம் முழுவதும் அவளுக்கு வீசிங், மூச்சு விட்டாலே விசில் சத்தம். இப்போது நன்றாகிவிட்டது, ஓட விடுங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நான்தான் விடவில்லை. வீட்டு மாடிப்படியில்கூட இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் ஏறுவேன். அவளுக்கு ஐந்து வயது முடிந்திருந்தது.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவிடந்தையிலிருந்து காரில் கிளம்பினோம். என் கணவர் சிறுசேரியில் அலுவலக கேப் ஓட்டுகிறார். அன்று அவருக்கு விடுமுறை. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் மீன் விற்கும் என் மாமியார், ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தை விட்டுவிட்டுப் பேத்திக்காக வந்தார்.

கோட்டையின் உயரமான குன்றான ராஜகிரியின் அடிவாரத்தில்தான் அந்தத் தப்பு நடந்தது. எங்கள் பக்கத்தில் மலையேறுவது என்றால் திருக்கழுக்குன்றம்தான். செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு ஏறிப் பழகிய கால்கள் எங்களுடையவை. உச்சியில் ரங்கநாதர் கோயில் இருப்பதை நான் படித்துச் சொன்னதும் மாமியார் காரிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார்.

"மேல பெருமாள் கீறாருன்ற. அப்பால இன்னா செருப்பு? கயட்டு, கயட்டு."

இது கோட்டை, அத்தை; எல்லோரும் ஷூ போட்டுக்கொண்டுதான் ஏறுகிறார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சாமி விஷயம். நாளைக்குக் குழந்தைக்கு ஏதாவது ஆனால்? என் செருப்போடு மகளுடையதையும் கழற்றினேன். என் கணவரும் கழற்றிவிட்டார்.

தொடக்கத்தில் மரநிழல். அவள் முன்னால் ஓடினாள். மூச்சு வாங்குகிறதா என்று நான் கேட்டுக்கொண்டே போனேன். இல்லை இல்லை என்று அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். நிழல் முடிந்து மொட்டைப் பாறை வந்தபோது உச்சிவெயில் ஆகியிருந்தது. கல் கொதித்தது.

"யம்மாடியோவ்! நம்ம ஊரு மணலே தேவலடா! அடுப்புல கால வெச்சாப்ல கீது!" என்று மாமியார் ஒரு புதரின் நிழலுக்குத் தாவினார்.

ஷூ போட்டுக்கொண்டு இறங்கிவந்த கல்லூரிப் பையன் ஒருவன் எங்கள் கால்களைப் பார்த்தான். "என்னக்கா, வேண்டுதலா?"

"ஆமா தம்பி, எங்கம்மாவோட வேண்டுதல்" என்றார் என் கணவர். பிறகு என்னிடம், "கீழ போயி செருப்ப மாட்டிகினு வர்றதுக்குள்ள கேட்ட மூடிடுவானுங்க. மதியத்துக்கு மேல ஏற வுட மாட்டாங்களாம். வா, இன்னொரு நாளு பாத்துக்கலாம்" என்றார்.

எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாகத்தான் இருந்தது. மகளைத் தூக்கக் கையை நீட்டினேன். அவள் கால்மாற்றிக் கால்மாற்றி நின்றுகொண்டு, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர். "தூக்க மாட்டேன்னு சொன்னியே."

துப்பட்டாவை உருவி என் கணவரிடம் கொடுத்து, கிழிக்கச் சொன்னேன்.

"புதுத் துணியப் போயி கியிக்கிறியே!" என்றார் மாமியார்.

"துணி கிடக்கட்டும் அத்தை."

மகளின் பாதங்களைத் தடிமனாகச் சுற்றிக் கட்டினேன். வழுக்கினால்? முடிச்சு அவிழ்ந்தால்? அவிழ்த்து மறுபடி கட்டினேன். என் கால்களிலும் கட்டிக்கொண்டேன். "எனக்கு இன்னாத்துக்கு? கருவாடு காயிற மணல்ல நின்ன காலு இது" என்ற மாமியார், கொஞ்சதூரம் ஏறியதும் உட்கார்ந்து காலை நீட்டினார். "சரி, கட்டிவுடு. இறுக்காத."

"கோட்டையப் புடிக்க வந்த படையப் பாரு" என்று சிரித்தார் என் கணவர். அவருக்குத் துணி மிஞ்சவில்லை.

"நீ குதிச்சிகினே வா, நைனா" என்றார் அவருடைய அம்மா.

உச்சிக்குச் சற்று முன்னால் மலை பிளந்து கிடக்கிறது. பிளவின்மேல் சின்னப் பாலம். கீழே எட்டிப் பார்த்துவிட்டுச் சட்டென்று பின்வாங்கினேன். கையைப் பிடித்துக்கொள் என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது, விழுங்கினேன். அவள் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, துணிக்கட்டுக் கால்களைப் பொத்துப்பொத்தென்று வைத்து அந்தப் பக்கம் போய் நின்று, எங்களை வா வா என்று கையாட்டினாள். நான்தான் கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டு கடந்தேன்.

ரங்கநாதர் கோயிலில் விளக்கு இல்லை, பூசை இல்லை. "இதுக்கா செருப்ப கயட்டினேன்!" என்று சொல்லிவிட்டு, மாமியார் எதற்கும் இருக்கட்டுமென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மகள் மதிலோரம் நின்றுகொண்டிருந்தாள். அவள் நின்ற இடத்திலிருந்து, அந்தக் காலத்தில் எங்கிருந்து எந்தப் படை வந்தாலும் தெரிந்திருக்கும். கீழே மதில்கள் குன்றுக்குக் குன்று ஓடின. அதற்கும் அப்பால் பச்சை வயல்கள், நடுவே வெளுத்த மணலும் ஒரு கீற்றுத் தண்ணீருமாகச் சங்கராபரணி ஆறு. நான் அதை அரைகுறையாகத்தான் பார்த்தேன். மண்டியிட்டு, அவள் மார்பில் காதை வைத்தேன். இதயம் வேகமாக அடித்தது. மூச்சு பெரிதாக, சுத்தமாக, மலையேறியவளின் மூச்சாக வந்துகொண்டிருந்தது. விசில் சத்தம் எங்குமில்லை. இன்னொரு முறை கேட்டேன். இல்லை.

அவள் என் தலையைப் பிடித்து ஒரு பக்கமாகத் தள்ளினாள்.

"அம்மா, நவுறும்மா. ஆறு மறைக்குது."