பக்கத்துக் கட்டில்காரர்

என் வீட்டுக்காரருக்கு வாய் சும்மா இருக்காது. திண்டுக்கல்லில் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தவர். சுற்றுப்பட்டுத் தோட்டக்காரர்கள் எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு அவரிடம் வருவார்கள். வேலை முடிகிறவரை அவர்களும் நகர முடியாது, இவரும் விடமாட்டார். மழையில் ஆரம்பித்து, மாடு, மகள் கல்யாணம் என்று போய், இயேசு சாமியில் வந்துதான் பேச்சு நிற்கும். சிலர் கேட்பார்கள். சிலர் மோட்டாரை எடுத்துக்கொண்டு தப்பித்தோம் என்று ஓடுவார்கள். இவர் இரண்டு பேரையும் பார்த்துச் சிரிப்பார்.

சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய்விட்டது, இனி வாரம் மூன்று தடவை டயாலிசிஸ் என்று டாக்டர் சொன்னபோது அந்த வாய் அடங்கிவிட்டது. கடையைப் பூட்டிவிட்டு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். நான் தைத்துக்கொண்டிருந்த ரவிக்கைகளை எல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் சபை பாஸ்டரின் மனைவி வந்தார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. சமையல்கட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து, வாங்கிப் போட்டிருந்த கீரையை எல்லாம் ஆய்ந்து கொடுத்தார். பிறகு சின்னதாக ஒரு ஜெபம் பண்ணிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு இவர் தானாக எழுந்து வந்து உட்கார்ந்தார். "எங்க படுத்தா என்ன? ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்துலயும் ஆண்டவர் இருக்கத்தானே செய்வாரு" என்றார். போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது.

டயாலிசிஸ் அறையில் பக்கத்துக் கட்டிலில் ஒருவர். சித்தையன்கோட்டைப் பக்கம் தோட்டம் வைத்துப் பூ வெள்ளாமை பார்க்கிறவர். இவரைவிட ஏழெட்டு வயது மூத்தவர் இருப்பார். மிஷினை மாட்டியதும் துண்டை முகத்தில் போட்டு மூடிக்கொள்வார். நாலு மணி நேரமும் அந்தத் துண்டு விலகாது. அவருடைய சம்சாரம் கால்மாட்டில் ஸ்டூலில் உட்கார்ந்து அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இவருக்குப் பொறுக்குமா?

"அண்ணே, உங்களுக்காக ஜெபம் பண்ணட்டுமா?"

துண்டு அசையவில்லை.

"இயேசு சாமி உங்களை நேசிக்கிறாருண்ணே."

அதற்கும் அசையவில்லை. நான் இவர் காலைக் கிள்ளினேன். எனக்கு வெட்கமாக இருந்தது. நான் விசுவாசிதான். ஆனால் ஊசி குத்திப் படுத்திருக்கிற மனுசனிடம் போய் என்ன பேச்சு என்று இருந்தது. இவர் கொஞ்ச நேரம் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார்.

"தோட்டத்துல மோட்டார் எத்தனை ஹெச்.பி.ண்ணே?"

துண்டு லேசாக அசைந்தது.

"ஏழரை."

"கெணறா, போரா?"

"போரு." துண்டு மூக்கு வரைக்கும் இறங்கியது. "போன மாசம்தான் காயில் போச்சு. கட்டினவன் சரியாக் கட்டல. சூடு ஏறுது."

அன்றைக்கு மிச்ச நேரம் முழுக்க மோட்டார் பேச்சுத்தான். நர்ஸ் அம்மா வந்து, "ரெண்டு பேரும் செத்த நேரம் தூங்கக் கூடாதா?" என்று கேட்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

அடுத்தடுத்த முறைகளில் அவர் கதை கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. மகன்கள் திருப்பூரில் இருக்கிறார்கள். இருட்டோடு எழுந்து பூப் பறிக்கிறவர் இப்போது வரப்பில் நடந்தாலே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறார். சம்சாரம் ஒற்றை ஆளாகப் பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏற வேண்டும்.

"எல்லாருக்கும் பாரமாப் போயிட்டேன் தம்பி. இது என்ன பொழப்பு? மிஷினு உசுரு குடுக்குது, அதைக் கொண்டுபோய் வீட்டுல படுக்கப் போடுறேன். திரும்பத் தூக்கிட்டு வாறேன்" என்றார்.

ஒருநாள் அந்தக் கட்டில் காலியாகக் கிடந்தது. நர்ஸ் அம்மா ஃபோன் போட்டார், அணைத்து வைத்திருந்தார்கள். அடுத்த முறையும் வரவில்லை. டயாலிசிஸை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று அந்த அறையில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மறுநாள் காலையில் இவர் சட்டையை மாட்டிக்கொண்டு நிற்கிறார்.

"சித்தையன்கோட்டை வரைக்கும் போயிட்டு வருவோம்."

"ஏங்க, நீங்களே ஒரு நோயாளி."

"அதனாலதான் போகணும். நல்லா இருக்கவன் போய்ச் சொன்னா அடிச்சு வெரட்டிருவாரு."

பஸ் ஏறினோம். இறங்கி ஒரு டீக்கடையில் விசாரித்தோம். அந்தப் பூக்காரர் தோட்டமா என்று கேட்டு, கடைக்காரரே வழி காட்டினார். இவர் நின்று நின்று நடந்தார். தென்னை மரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் அவர் கிடந்தார். காலும் முகமும் வீங்கியிருந்தன. மூச்சு விசில் மாதிரிக் கேட்டது. அவர் சம்சாரம், அந்த அக்கா, என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். "வர மாட்டேங்கிறாரு தாயி. இப்படியே போயிர்றேங்கிறாரு. மகன்களுக்கும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

"எதுக்கு இம்புட்டுத் தூரம் வந்தீக?" என்றார் அவர், எங்கள் முகத்தைப் பார்க்காமல். "நான் முடிவு பண்ணிட்டேன். அதைப் பத்திப் பேச வேணாம்."

இவர் கட்டில் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தார். வீடு தேடி வந்தவர்களைச் சும்மா உட்கார வைப்பது அவருக்குப் பொறுக்கவில்லை போல. பழக்க தோசத்தில் சம்சாரத்தைப் பார்த்துச் சொன்னார்.

"ஏத்தா, திண்டுக்கல்லுல இருந்து வந்திருக்காக. ரெண்டு எளநி வெட்டிக் குடு."

அக்காவும் அழுகையோடு அழுகையாகப் போய் இரண்டு இளநியைச் சீவிக் கொண்டுவந்து கொடுத்தார். இவர் இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கிவிட்டு அதையே பார்த்தார். அவரும் பார்த்தார். சிறுநீரகம் போனவர்களுக்கு இளநி விஷம் மாதிரி. டாக்டர் முதல் நாளே சொல்கிற பேச்சு அது.

"தம்பி," என்றார் அவர் மெதுவாக. "அதைக் குடிச்சீகன்னா எனக்கு முன்னாடி நீங்க போய்ச் சேந்துருவீக."

இவருக்கு முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் வயிறு. அப்புறம் இளநி கையில் நிற்காமல் தளும்பியது. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்க மூச்சு இல்லை, ஆனாலும் சிரித்தார். கட்டில் கயிறு கிரீச் கிரீச் என்று சத்தம் போட்டது. அந்த அக்கா கண்ணீரோடு வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அவர் சிரித்துப் பார்த்து எத்தனையோ மாசம் ஆகிறது என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

சிரித்து முடித்ததும் அவர் முகம் மாறியது.

"தோப்புப் பூராவும் எளநி தொங்குது. ஒரு வாய் குடிக்க முடியல. கனவுலயும் தண்ணிதான் வருது தம்பி. வாய்க்கால்ல படுத்துக் குடிக்கிற மாதிரி. முழிச்சா நாக்கு ஒட்டிக் கெடக்கு. எந்தச் சாமிக்குத் தெரியும் இந்தத் தாகம்?"

"எங்க சாமிக்குத் தெரியும்ணே."

இவர் இதைச் சொன்ன விதம் எனக்கே புதுசு. கடையில் பேசுகிற குரல் இல்லை. இவருக்கே அப்போதுதான் விளங்கியது போல இருந்தது.

"சிலுவையில தொங்கும்போது அவருக்கும் தாகம் எடுத்துச்சு. வாய விட்டுக் கேட்டாரு."

அவர் தலையைத் திருப்பினார். "சாமியா கேட்டாரு?"

"சாமிதான்."

"குடுத்தாய்ங்களா?"

"புளிச்ச காடியக் குடுத்தாய்ங்க."

"அடப் பாவிகளா!" என்றார். யாரோ பக்கத்துத் தோட்டத்தில் நேற்று நடந்த அநியாயத்தைக் கேட்டது போல இருந்தது அந்தக் கோபம். "அப்புறம்?" என்றார்.

"செத்துப்போனாரு. மூணா நாள் எந்திரிச்சுட்டாரு."

தென்னையில் காற்று அடித்தது. இவர் தொடர்ந்தார்.

"எனக்குச் சரியாகுமான்னு தெரியாதுண்ணே. ஜெபம் பண்றேன், இன்னும் சரியாகல. ஆனா அந்தக் கட்டில்ல நான் தனியாப் படுத்திருக்கல. இந்தத் தாகம் தெரிஞ்ச ஒருத்தர் பக்கத்துல இருக்காரு. செத்தாலும் அதோட முடிஞ்சுபோறதில்ல. அம்புட்டுத்தான் எனக்குத் தெரிஞ்சது. நீங்க நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம். ஆனா இன்னைக்கு என்கூட வாங்க. உங்க கட்டில்ல வேற ஆளைப் போட்டுட்டா எனக்குப் பேச்சுத் துணை போயிரும்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "அந்த ஜெபம்னு சொன்னீகளே, அதைப் பண்ணுங்க" என்றார்.

இவர் நீளமாக ஜெபம் பண்ணுகிறவர். அன்றைக்கு நாலே வார்த்தைதான். அண்ணனுக்கு மூச்சு கொடும், தைரியம் கொடும், தனியாக விட்டுவிடாதேயும் என்று கேட்டார். அவர் கண்ணைத் திறந்து, "ஏத்தா, என் சட்டைய எடு" என்றார்.

வண்டி பிடித்து வரப் பக்கத்துத் தோட்டத்து ஆள் ஓடினார். அந்த இடைவெளியில் அக்காவும் நானும் வீட்டுக்குப் பின்னால் போய், இரண்டு பேர் கண்ணிலும் படாமல் அந்த இளநியைக் குடித்தோம். அக்கா குடித்துக்கொண்டே கேட்டார்.

"உனக்குப் பயமே இல்லையா தாயி?"

சாட்சி சொல்லத் தெரியாதவள் நான். சபையில் மைக்கைக் கொடுத்தால் பக்கத்தில் இருப்பவளிடம் தள்ளிவிடுவேன். ஆனால் அங்கே வார்த்தை தானாக வந்தது. "தினமும் இருக்குக்கா. விடிஞ்சா இருக்கு, விளக்கு வச்சா இருக்கு. ஆனா சொல்லி அழுகிறதுக்கு ஆண்டவர் இருக்காரு. அழுது முடிச்சா உலை வைக்கத் தெம்பு வந்துருது."

அக்கா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "உலை வைக்கத் தெம்பு வந்தாப் போதும் தாயி" என்றார்.

நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். நர்ஸ் அம்மா அவரை வாயார வைதுகொண்டே மிஷினை மாட்டினார். வைதுகொண்டிருக்கும்போதே அந்த அம்மா கண்ணும் கலங்கியிருந்தது. சாயங்காலத்துக்குள் பூக்காரர் மூச்சு சீராகிவிட்டது.

அதன் பிறகு அவரே கேட்க ஆரம்பித்தார். "அந்தச் சாமி கதைய மொதல்ல இருந்து சொல்லு தம்பி." இவர் சொன்னால் ஒன்பது ஊருக்குச் சுற்றிப் போவார் என்று தெரிந்து, வேதத்திலிருந்து என்னை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். முதலில் குரல் எழும்பவில்லை. எதிர்க்கட்டிலில் பேகம்பூர் பாய் ஒருத்தர், பிரியாணிக்கடை வைத்திருந்தவர். "சத்தமாப் படிங்கம்மா, காதுல விழல. ஈஸா நபியப் பத்தித்தானே? எங்களுக்கும் அவர் மேல மரியாதை உண்டு" என்றார். அப்புறம் சத்தமாகவே வாசித்தேன். பாய் சில இடங்களில், "எங்க பக்கம் இப்படிச் சொல்லுவாங்க" என்பார். பூக்கார அண்ணன் இரண்டு பேரையும் கேள்வி கேட்டுத் திணறடிப்பார். இயேசு குஷ்டரோகியைத் தொட்டார் என்று வாசித்த அன்று, "தொட்டாரா? கையாலயா?" என்று மூன்று தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

அவசரம் யாருக்கும் இல்லை. மாசங்கள் போயின. அவர் மெல்ல மெல்ல வரப்பில் நடந்தார், முக்காலி போட்டு உட்கார்ந்து பூப் பறித்தார். ஒருநாள், ஞானஸ்நானம் எடுக்கணும் என்றார். எங்கள் பாஸ்டர் யோசித்தார். தோட்டத்துக்கே போய் அவரை உட்கார வைத்துக் கேட்டார்.

"சீக்கு சரியாகிரும்னு நினைச்சு வாரீகளா? அப்படின்னா வேணாம், பொறுத்துப் பாப்போம்."

"இல்லய்யா. சரியானாச் சந்தோசம். ஆகாட்டியும் எனக்கு முன்னாடி அந்த வழியில ஒருத்தர் போயிருக்காரு. அவர் பின்னாடி போறேன். அம்புட்டுத்தான்."

அக்காவிடமும் கேட்டார். அக்கா ஒளிக்கவில்லை. "அவரு போகட்டுங்கய்யா. எனக்கு என் மாரியாத்தா இருக்கா, அவளை விட முடியாது. ஆனா மனுசன் சிரிக்கிறாரு, அதுக்கு உங்க சாமிக்கு ஒரு கும்பிடு." மகன்கள் முதலில் முறுக்கிக்கொண்டார்கள். அப்பா சிரிப்பதை ஃபோனில் பார்த்துவிட்டு, சரி என்றார்கள்.

ஞானஸ்நானம் அவருடைய தோட்டத்துத் தொட்டியிலேயே வைத்தோம். போர் தண்ணீர் கொட்டும் சிமெண்டுத் தொட்டி, இடுப்பளவு ஆழம். ஊசி குத்துகிற கை நன்றாக ஆறியிருந்ததால் டாக்டர் தடை சொல்லவில்லை. ஆனாலும் பாஸ்டருக்குப் பயம். "மெதுவா, மெதுவா" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பூக்கார அண்ணன் தண்ணீரில் நின்றுகொண்டு எல்லாரும் கேட்கச் சொன்னார்: "ஐயா, குடிக்கத்தான் கூடாதுன்னாரு டாக்டரு. முங்கக் கூடாதுன்னு சொல்லல. நல்லா முக்குங்க!"

சபையே சிரித்தது. பாஸ்டர் முக்கினார். அண்ணன் எழுந்தபோது தலையிலிருந்து தண்ணீர் வழிய, வாயை இறுக்கி மூடியபடி, ஒரு சொட்டும் உள்ளே போகாமல் வந்தார். துடைத்துவிட்ட பிறகுதான் வாயைத் திறந்தார். "கண்ணைத் திறந்துதான் முங்கினேன் தம்பி. உள்ள வெளிச்சமா இருந்துச்சு" என்றார். இவர் அவருடைய ஈரத் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெண்கள் பாட்டை எடுத்துவிட்டோம். அக்கா அன்றைக்குப் பறித்த சம்பங்கியை மடி நிறையக் கொண்டுவந்து, சபை, சாமி என்று பேதம் பார்க்காமல் எல்லாப் பெண்கள் கையிலும் கொடுத்தார்.

மத்தியானச் சாப்பாடு பாய் பொறுப்பு. தன் மகன்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு, பிரியாணித் தேக்சாவை ஆட்டோவில் ஏற்றி வந்திருந்தார். உப்பு ஆகாத நோயாளிகள் மூன்று பேரும் ஒரே பந்தியில் மற்றவர்களோடு சாப்பிட வேண்டும் என்பதற்காக, பாய் மொத்தப் பிரியாணியையும் உப்பே இல்லாமல் சமைத்துவிட்டார். சபை வாலிபர்கள் ஒரு வாய் வைத்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பாஸ்டர் மரியாதைக்கு மென்றார். பாயும் பூக்கார அண்ணனும் என் வீட்டுக்காரரும் மட்டும் வாழை இலையை வழித்து வழித்துச் சாப்பிட்டு, இந்த மாதிரிப் பிரியாணி திண்டுக்கல்லிலேயே கிடையாது என்று சத்தியம் பண்ணினார்கள்.