இடது தோள் பஞ்சு

என் தம்பி பொண்டாட்டிக்குப் பயம்னா என்னன்னே தெரியாதுன்னு நினைச்சிருந்தேன். மேல பல்லி விழுந்தாலும் தட்டிவிட்டுட்டுப் பாத்திரம் விளக்குறவ அவ. அன்னைக்கு என் சமையல்கட்டுக்கு வந்து, கதவைச் சாத்திட்டு, "அண்ணி, நான் தொலைஞ்சேன்"னா.

அவளுக்கு ஒரு சிற்பக்கூடத்துல கூட்டித் துடைக்கிற வேலை. அங்க இருக்கிற சிற்பி ஒரு அம்மா. கை, வயிறு, முட்டின்னு மனுஷ உடம்பை மட்டுமே செய்றவங்க. இவ தரை துடைக்கிறதைப் பார்த்துட்டு, "உன் முதுகைச் செய்யட்டுமா?"ன்னு கேட்டிருக்காங்க. தலை கிடையாது, வெறும் முதுகு, யாருக்குத் தெரியப்போகுதுன்னு இவளும் சட்டையைக் கழட்டிட்டு உட்கார்ந்திருக்கா. எனக்கு மூக்குக்கு மேல கோபம் வந்துச்சு.

"உனக்கு எதுக்குடி இந்த வேலை?"

"என்னை யாரும் அவ்வளவு நேரம் பார்த்ததே இல்ல அண்ணி."

அடுப்பை அணைச்சுட்டு அவ பக்கத்துல உட்கார்ந்தேன்.

இப்போ அந்த அம்மாவோட கண்காட்சி. திறக்குற வரைக்கும் சிலைகளை மூடிவைக்கத் துணி உறை வேணும். யாரைத் தைக்கச் சொன்னாங்கங்கிறீங்க? டைலர் வேலை பார்க்கிற என் தம்பியை. "எங்க வீட்டுக்காரர் நல்லா தைப்பாரு"ன்னு இவ எப்பவோ பெருமையடிச்சது வினையா வந்து நின்னுச்சு. அவன் டேப்போட போய் எல்லாத்தையும் அளந்துட்டு வந்துட்டான்.

"தலை இல்லாத முதுகு. அவனுக்கு எப்படித் தெரியும்?"

"என் இடது தோள் இறக்கம் அண்ணி. என் சட்டைக்கெல்லாம் அந்தப் பக்கம் பஞ்சு வெச்சுத் தைக்கிறதே அவர்தானே."

என் தம்பி கோபம் வந்தா சத்தம் போடற ஆள் இல்ல. எங்கப்பாவும் அப்படித்தான். ஒருநாள் பேசாம பையைத் தூக்கிட்டுப் போனவர் திரும்பவே இல்ல.

தம்பி வந்தான், சாப்பிட்டான், மெஷின்ல உட்கார்ந்து தைச்சான். வாயே திறக்கல. இவளுக்குச் சோறு இறங்கல. அலமாரி மேல அவன் பை இருக்கான்னு போறப்பவும் வர்றப்பவும் பார்த்துக்கிட்டே இருந்தா.

திறப்பு அன்னைக்குக் கூட்டிப் பெருக்கப் போனவ என்னையும் துணைக்கு இழுத்துக்கிட்டுப் போனா. கூடம் பூரா உறைங்க, கோணிப்பை மாதிரி தொளதொளன்னு. மூலையில ஒண்ணு மட்டும் தோள் வெச்சு, கச்சிதமா சட்டை மாதிரி. இவ கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்தா. இடது தோள்ல பஞ்சு.

"தெரிஞ்சுபோச்சு அண்ணி"ன்னு என் கையைப் பிடிச்சா.

திரும்பினா அவன் நிக்கிறான், தோள்ல அந்தப் பையோட.

"நீயா சம்மதிச்சு உட்கார்ந்தியா? இல்ல, வேலை போயிடும்னு மாட்டேன்னு சொல்ல முடியலையா?"

"நானாத்தாங்க உட்கார்ந்தேன்."

"அப்ப சரி"ன்னு பையைக் கீழ வெச்சுட்டு அப்படியே தரையில உட்கார்ந்துட்டான். "கேக்கவே பயமா இருந்துச்சு."

எனக்கு வந்த ஆத்திரத்துல, "அப்புறம் பை எதுக்குடா?"ன்னு அதைத் திறந்து பார்த்தேன். அவன் சட்டை ரெண்டு மேல இருந்துச்சு. அதுக்கு அடியில பூரா அவளோட துணிங்க.