விண்ணப்பத்தில் நான் வெட்டிய ஒரு பக்கம்

கடந்த செவ்வாய்க்கிழமை காலை ஒரு தகப்பன் என் படலையைத் திறந்துகொண்டு வந்தார். கையில் நீளமான உறை. முகத்தில் ஒரு வண்டில் நிறையப் பெருமை.

மகன் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படிக்கிறான். ஐரோப்பாவில் ஒரு நிறுவனம் மூன்று மாதக் கோடைப் பயிற்சிக்குப் பல நாடுகளிலிருந்தும் மாணவர்களை எடுக்கிறதாம். மண், தண்ணீர், பயிர் எல்லாம் படிப்பிப்பார்களாம் – விதையிலிருந்து சாப்பாட்டுக் கோப்பை வரை. விண்ணப்பத்தை நல்ல ஆங்கிலத்தில் நிரப்ப வேண்டும். அதற்குத்தான் நான். ஓய்வுபெற்ற ஆங்கில வாத்தியாருக்கு அரியாலையில் வேறென்ன வேலை?

மூன்றாவது கேள்வியில் நின்றேன். உங்கள் கையால் நீங்கள் செய்த தோட்ட வேலைகள் எவை?

"உதுக்கென்ன, கனக்க எழுதலாம். போன மாதமும் உங்கடை மகன் வெங்காயத்துக்குப் பாத்தி பாத்தியாத் தண்ணி மாறினதைக் கண்டனான்" என்றேன்.

மனிதர் பதறிப்போனார். "ஐயோ மாஸ்ரர், உதையெல்லாம் எழுதிப்போடாதேங்கோ! வெள்ளைக்காரன் வாசிக்கிறது..."

"விவசாயம் படிக்கத்தானே போறான்?"

"ஓம், படிக்கத்தானே மாஸ்ரர்... செய்யவே?"

எங்களைப்போல ஒரு சனம் உலகத்தில் உண்டா? வெங்காயம் விளைவித்துப் பிள்ளையைப் படிப்பிப்போம். படித்த பிள்ளை வெங்காயத்தைச் சந்தையில்தான் முதன்முதல் கண்டதுபோல நடிக்க வேண்டும். 'விவசாயப் பட்டதாரி' என்றால் கலியாணப் புரோக்கர் வாசலில் காத்து நிற்பார். 'தோட்டம் செய்கிறவன்' என்றால் படலையடியிலேயே சைக்கிளைத் திருப்பிவிடுவார். மண்ணைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் – சப்பாத்தில் மட்டும் அது ஒட்டக்கூடாது!

அந்தத் தகப்பனைப் பார்த்துச் சிரிக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். அவரைவிடக் கேவலமான ஒருவனை உங்களுக்குக் காட்டுகிறேன். அவனுக்கு நல்ல ஆங்கிலமும் தெரியும்.

ஐந்து வருடங்களுக்கு முன்பு இதே மாதிரி ஒரு விண்ணப்பத்தோடு வசந்தி வந்தாள். விவசாயம் மூன்றாம் வருடம். தெற்கில் கம்பஸ் பூட்டிக் கிடந்ததால் மாதக்கணக்காக வீட்டில் நின்றாள். அவளுடைய தகப்பனின் தோட்டம் கடல்நீரேரிப் பக்கம். ஒரே ஒரு கிணறு.

விடைகளை அவளே பென்சிலால் எழுதியிருந்தாள். பிழை திருத்தித் தந்தால் போதும் என்றாள். ஒரு பக்கம் முழுவதும் அந்தக் கிணற்றைப் பற்றி. விடியற்காலையில் இறைப்பு மெஷினைப் போட்டால் முதல் அரை மணித்தியாலம் நல்ல தண்ணீர் வரும். பிறகு உவர் ஏறத் தொடங்கும். இவள் வாய்க்காலில் நின்று இடைக்கிடை தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பாள். உப்புத் தட்டியதும் "அப்பா, நிப்பாட்டுங்கோ!" என்று கத்துவாள். எந்த நாளில் எத்தனை நிமிடத்தில் உவர் வந்தது, எந்தப் பாத்தியில் வெங்காயத் தாள் கருகியது – இரண்டு போகமாகக் கொப்பியில் குறித்து வைத்திருந்தாள்.

"அங்கை உப்புக் கிணறுகளைப் பற்றிப் படிச்ச ஆக்கள் இருக்கினமாம் மாஸ்ரர். எங்கடை கிணறு இன்னும் ரெண்டு மூண்டு வருஷந்தான் தாங்கும். அதுக்குள்ளை ஏதும் படிச்சுக்கொண்டு வந்திடவேணும்."

நான் என்ன செய்தேன்? சிவப்புப் பேனையால் அந்தப் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன்.

"பிள்ளை, தண்ணியை நக்கிப் பாத்தனான் எண்டு வெளிநாட்டுக்கு எழுதலாமே? படிச்ச பெட்டை எண்டு அவங்கள் நினைக்கவேண்டாமே?"

"அதைத்தானே மாஸ்ரர் நான் செய்தனான்..."

"உனக்குத் தெரியாது. பேசாமல் இரு."

வெட்டிய இடத்தில் நான் ஒரு கட்டுரை எழுதினேன். விவசாயம் நாட்டின் முதுகெலும்பு என்று தொடங்கியது. பேச்சுப் போட்டிப் பரிசு, வலைப்பந்தாட்டம், நூலகக் குழு... எல்லாம் இருந்தது. தோட்டம் மட்டும் இல்லை. எழுதி முடித்து இரண்டு தரம் உரத்து வாசித்தேன். என் ஆங்கிலம் எனக்கே இனித்தது.

பதில் வந்தது. மிகவும் மரியாதையான கடிதம். புள்ளிகள் நன்று, எழுத்து மிக நன்று. ஆனால் விண்ணப்பதாரி மண்ணில் இறங்கி வேலை செய்ததற்கு ஓர் அடையாளமும் காணவில்லை. அப்படிச் செய்தவர்களுக்கே இடம் கொடுத்திருக்கிறோம்.

வசந்தி கடிதத்தை என்னிடம் நீட்டினாள். சைக்கிளை விட்டு இறங்கவில்லை.

"இங்கிலீசு நல்ல வடிவாம் மாஸ்ரர்."

அவ்வளவுதான் சொன்னாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஒரு மன்னிப்பு... ஒரு வார்த்தை? இல்லை. பின்னேரம் சந்தியில் நின்று நாலு பேரிடம் சொன்னேன்: "வெள்ளைக்காரனுக்கு எங்கடை பிள்ளையள் எண்டால் இளக்காரம்." எல்லாரும் தலையாட்டினார்கள். அவளும் இன்றுவரை அதை மறுத்துக் கதைக்கவில்லை.

அடுத்த தடவை என்று ஒன்று வரவில்லை. அந்தப் பயிற்சிக்கு ஒருவர் ஒரு தடவைதான் விண்ணப்பிக்கலாம், அதுவும் படிக்கிற காலத்தில். அவள் படித்து முடித்து ஒரு அரசாங்கக் கந்தோரில் மேசையிலிருந்து நிவாரண அட்டை எழுதுகிறாள். அவள் சொன்ன கணக்குப்படியே கிணறும் போய்விட்டது. மூன்றாம் வருடம் வெங்காயம் முழுவதும் கருகியது. இப்போது அந்தக் காணியில் உப்புப்பூண்டுதான் செழிக்கிறது. என் வாசலால் போகும்போதெல்லாம் "மாஸ்ரர், சுகமோ?" என்று கேட்கிறாள்.

செவ்வாய்க்கிழமை அந்தத் தகப்பனுக்கு, பெயர் சொல்லாமல், இந்தக் கதையைச் சொன்னேன். முதல் வரியிலேயே 'வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறுகிறேன்' என்றுதான் எழுதுவேன், சம்மதமென்றால் பேனையைத் திறக்கிறேன் என்றேன்.

அவர் உறையை மெல்ல எடுத்து மடித்தார்.

"அப்ப நான் வாறன் மாஸ்ரர். வட்டுக்கோட்டையிலை ஒருத்தர் இருக்கிறாராம். நல்ல வடிவா எழுதுவாராம்."

எழுதுவார், எழுதுவார்... யாழ்ப்பாணத்தில் நல்ல ஆங்கிலத்துக்கு என்ன குறை? நல்ல தண்ணீருக்குத்தான்.