தாமிரம் கூடிய பாட்டில்

அனந்தபுரத்தை அடுத்த எங்கள் ஊரில், மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கும் பருவத்தில் அக்கா பிறந்தார். கொல்லைக்காட்டில் வேலையாக இருந்த அம்மாவை வண்டி கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவதற்குள் பிறந்துவிட்டாராம். அந்த அவசரம் கடைசிவரை அவரை விடவில்லை. நின்றுகொண்டே சாப்பிடுவார். பேருந்து நிற்பதற்குள் படிக்கு வந்துவிடுவார். விழுப்புரத்தில் படித்தார், திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆசிரியரானார். அப்பா மறைந்தபின் தம்பியாகிய என்னைப் படிக்கவைத்தவரும் அவரே.

அவர் ஆராய்ந்தது நம் மல்லாட்டை எண்ணெயைத்தான். நாள்பட்ட எண்ணெய் ஏன் காறிப்போகிறது? அதில் தனி உறுப்புகள் என்னும் துகள்கள் உண்டாகின்றன. ஜோடி சேராத எலக்ட்ரான் ஒன்றை வைத்துக்கொண்டு அவற்றால் சும்மா இருக்க முடியாது. ஒன்று அடுத்த மூலக்கூறைத் தாக்கும். அது இன்னொன்றைத் தாக்கும். தாமிர அயனி சிறிது சேர்ந்தால் இந்த ஓட்டம் வேகமெடுக்கும். மிகவும் கூடினாலோ, அதே அயனி தனி உறுப்புகளைப் பிடித்து ஓட்டத்தை நிறுத்திவைக்கும் என்று நூல்களில் இருந்தது. நம் எண்ணெயிலும் அப்படியா என்பதே அக்காவின் கேள்வி.

முதல் சோதனையில் ஓட்டம் நின்றது. இரண்டாவதில் நிற்கவில்லை. அன்றிலிருந்து அக்காவுக்குத் தூக்கம் குறைந்தது. மேல்மலையனூர் அத்தை கேலி செய்வார்.

"எண்ணெய மோந்து பாக்கறதுக்கு ஒரு சம்பளமாடி? நான் சும்மாவே மோந்து சொல்லுவேன்."

"வாங்க அத்த, மணிக்கொரு தரம் மோந்துக்கினு அங்கயே குந்திக்கிங்க. சம்பளத்த உங்களுக்கே குடுத்துடறேன்."

தை மாதம் நோய் தெரிந்தது. மாசி அமாவாசை, திங்கட்கிழமை, விழுப்புரத்தில் மருத்துவமனையில் சேர்த்தோம். அக்கா சுத்திகரித்து வைத்திருந்த எண்ணெய் இன்னும் ஒரே ஒரு சோதனைக்குத்தான் மிச்சம். முன் இரண்டோடு ஒப்பிட அதே எண்ணெய்தான் வேண்டும். ஒரு பகல் முழுவதும் பாட்டில்களை வெந்நீர்த் தொட்டியில் வைத்து, மணிக்கொரு முறை சிறிது எடுத்துப் பார்க்க வேண்டும். நடுவில் விட்டால் எல்லாம் வீண்.

புதன் மாலை, அக்காவின் காதருகே நான்தான் போனைப் பிடித்திருந்தேன். மறுமுனையில் அதே துறையில் பணிபுரியும் ஸ்டெல்லா அவர்கள். மயிலம் பக்கத்துக்காரர்.

"ஸ்டெல்லா, நாளைக்குக் காலைல ஆரம்பிச்சுடு. எனக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னு போன் வந்தாலும் பாட்டில வுட்டுட்டு ஓடியாராத."

"என்ன மேடம் பேச்சு இது? பேஜாரா இருக்குது."

"பேஜாரு அப்புறம் படு. எண்ணெ இவ்ளோதான் இருக்குது."

வியாழக்கிழமை, வளர்பிறைத் திருதியை, முற்பகலில் அக்கா மறைந்தார். ஸ்டெல்லா அவர்களுக்கு நான் சொன்னேன். "சார், நான் என்ன பண்ணட்டும்?" என்றார். "அக்கா சொன்னதப் பண்ணுங்க" என்றேன். அவர் அழுவது கேட்டது. கூடவே, பாட்டில் மூடியைத் திறக்கும் சத்தமும் கேட்டது.

மாலையில் அக்காவை எடுத்தோம். அத்தை எல்லோர் முன்னிலும் கேட்டார்: "அந்த ஸ்டெல்லா, கூடப் பொறந்தவ மாதிரின்னு சொல்லிக்கினு இருந்தாளே, வாய்க்கரிசி போடக்கூட வரலியே! எண்ணெய்க்கு என்ன காவலு?" அக்காவின் சொல்லை நான் எடுத்துச் சொன்னேன். அந்த வேளையில் யார் காதிலும் ஏறவில்லை. அத்தையின் பேச்சு மட்டும் திண்டிவனம்வரை போய்ச் சேர்ந்தது.

கருமாதியன்று ஸ்டெல்லா அவர்கள் வந்தார். பாயில் அவருக்கு இடம் விட ஒருவரும் நகரவில்லை. அக்காவின் படத்தின் முன் நின்று சொன்னார்: "மேடம், தாமிரம் கூடின பாட்டில்ல ஓட்டம் நின்னுடுச்சுங்க. சாயங்காலம் வரைக்கும் அசையல." காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

இரண்டாவது சோதனையில் ஏன் நிற்கவில்லை என்பது இன்னும் விளங்கவில்லை. அதற்காக அவர் புதிதாக எண்ணெய் சுத்திகரித்துக்கொண்டிருக்கிறார். அக்கா விட்டுப்போன தவிப்பு இப்போது அவரிடம் இருக்கிறது. எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.

மருத்துவம் பார்த்தவர்களுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும், எங்களுக்குச் சோறாக்கித் தந்த அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஆனால் முதல் நன்றி, அன்று வராமல் இருந்த ஸ்டெல்லா அவர்களுக்கு.

முதலாண்டுத் திதியான இன்று அவர் வந்திருக்கிறார். அத்தை, உங்கள் பக்கத்தில் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுங்கள்.